மெமோவுக்கு முன்னும் பின்னும்

1983 ஆகஸ்ட் 26. புனேயில் உள்ள பாரத் ஃபோர்ஜ் தொழிற்சாலையில் ஹெல்பராக வேலை பார்த்த ஒருவர், காலை 11.40 மணிக்கு, தன் வேலையிடத்திலேயே ஓர் இரும்புத் தகட்டின்மேல் படுத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அதிகாரிகள் பார்த்துவிட்டார்கள். சார்ஜ் ஷீட் வந்தது, உள்விசாரணை நடந்தது, வேலை போயிற்று. அதற்கு முன்பே மூன்று முறை அவர்மேல் நடவடிக்கை எடுத்துச் சிறு தண்டனைகளோடு விட்டிருந்தார்கள். வழக்கு லேபர் கோர்ட்டில் தொடங்கிப் படிப்படியாக மேலே ஏறியது. தண்டனை அதிகம் என்றும் சரி என்றும் தீர்ப்புகள் மாறி மாறி வந்தன. 2005 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வேலைநீக்கம் செல்லும் என்று முடித்துவைத்தது.

நீதிமன்றங்கள் அங்கே ஆராய்ந்தவை இரண்டு விஷயங்கள். தூங்கினாரா? தூங்கியதற்கு வேலைநீக்கம் தகுமா? 21 ஆண்டுகள் இந்த இரண்டைச் சுற்றியே கழிந்தன. ஏன் தூங்கினார் என்று துருவுவது நீதிமன்றத்தின் வேலை இல்லை. தூங்குகிறவரைத் தட்டி எழுப்புகிறவர், எழுப்பிய அந்த நிமிஷத்தில் கேட்க வேண்டியது அது. பகலில் கண் சொருகும் தொழிலாளி இரவில் வேறெங்கோ கூலிக்குப் போகிறவராக இருக்கலாம். வீட்டில் நோயாளி இருக்கலாம். குடியாக இருக்கலாம். வேலையே கசந்துபோயிருக்கலாம். நான்குக்கும் நான்கு விதமாகத்தான் பதில் செய்ய முடியும். மெமோ நான்கையும் ஒரே குற்றமாக்கிவிடுகிறது.

நிர்வாகவியல் பாடங்களில் இதற்குப் படிகள் வகுத்திருக்கிறார்கள். முதலில் வாய்மொழி எச்சரிக்கை, பிறகு எழுத்தில், பிறகு சஸ்பென்ஷன், கடைசியில் நீக்கம். படிகள் இருப்பது நல்லதுதான். எடுத்த எடுப்பில் கழுத்தைப் பிடித்துத் தள்ளாமல் இருக்க அவை உதவுகின்றன. ஆனால் ஒரு பணியிடத்தின் ஒழுங்கை எடைபோட வேண்டுமென்றால் நான் பார்ப்பது படிகளின் எண்ணிக்கையை அல்ல. எந்தப் படியில் அந்த மனிதர் வாய் திறக்க இடம் இருக்கிறது, திறந்தால் கேட்க ஒரு காது இருக்கிறதா என்பதைத்தான். தண்டனை கடுமையானதா மென்மையானதா என்ற விவாதமெல்லாம் அதற்கு அப்புறம்.

கேட்டுவிட்டுத் தண்டிப்பது என்ற வழக்கம் மேலிருந்து வந்த கொடை இல்லை. 1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போனவரை மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தலாம். பணத்தைக் கட்டு, இல்லையேல் வேலையை முடி என்பார் அவர். முடியவில்லை என்றால் மூன்று மாதம் வரை சிறை. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்காக எழுதிய அந்தச் சட்டம் பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது. மலைத்தோட்டங்களுக்கென்று சென்னை மாகாணம் 1903இல் தனியாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. வேலைக்கு வராதது குற்றவியல் குற்றமாக இருந்த காலம் அது. 1920களின் நடுவில்தான் 1859ஆம் ஆண்டுச் சட்டம் ரத்தானது. சட்டம் போன பிறகும் தோட்டத்துப் பழக்கங்கள் போய்விடவில்லை. இலங்கை மலையகத்தில் இன்றும் ‘அரைப்பேர்’ என்ற பேச்சு உண்டு. குறித்த கிலோ கொழுந்து சேராவிட்டால், நாள் முழுக்க மலையில் நின்றவருக்கும் பாதி நாள்தான் பதிவாகும். யாரும் திட்ட வேண்டியதில்லை, மெமோ எழுத வேண்டியதில்லை. மழை பெய்ததா, அந்த மலையில் கொழுந்தே இல்லையா, பறித்தவருக்குக் காய்ச்சலா என்று பேரேடு கேட்காது.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போது 1936இன் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தை எனக்கு மரியாதையோடுதான் வாசிக்கத் தோன்றுகிறது. அபராதத்துக்கு அது போட்ட கடிவாளங்கள் அத்தனை நுணுக்கமானவை. சம்பளத்தில் ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் பிடிக்கக் கூடாது. பிற்பாடு இது 3 சதவீதம் ஆயிற்று. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்பதை முன்கூட்டியே எழுதி, ஒப்புதல் வாங்கி, எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும். 15 வயது நிரம்பாதவருக்கு அபராதம் கிடையாது. தவணை போட்டுப் பிடிக்கக் கூடாது. பிடித்த பணம் முதலாளியின் பெட்டிக்குப் போகாமல் தொழிலாளர்களின் நலனுக்கே செலவாக வேண்டும். தண்டிக்கிறவருக்குத் தண்டனையால் லாபம் இருக்கக் கூடாது என்ற எண்ணத்தை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பந்தப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் ஒரு காசும் பிடிக்கக் கூடாது என்று அதே சட்டம் சொன்னது.

பத்தாண்டு கழித்து 1946இல் நிலையாணைகள் சட்டம் வந்தது. ஆலைக்குள் எது தப்பு, எதற்கு என்ன தண்டனை என்பது முதலாளியின் மனநிலையைப் பொறுத்தது என்றிருந்த நிலை மாறி, எழுத்துக்கு வந்தது. அதன் மாதிரி நிலையாணைகளைப் படித்துப் பாருங்கள். ஒரு நாள் தாமதமாக வருவதை அவை பெருங்குற்றம் என்று சொல்லவில்லை. திரும்பத் திரும்பத் தாமதமாக வருவதைத்தான் சொல்கின்றன. தண்டனையாகச் சஸ்பெண்ட் செய்வது ஒரு முறைக்கு நான்கு நாளைத் தாண்டக் கூடாது. தண்டனையை முடிவு செய்யும்போது குற்றத்தின் கனத்தையும், அவருடைய பழைய பதிவையும், குற்றத்தைக் குறைத்தோ கூட்டியோ காட்டும் சூழ்நிலைகளையும் பார்க்கச் சொல்கின்றன. ஒரு நல்ல ஃபோர்மன் தானாகவே செய்யக்கூடியது இது. நல்ல ஃபோர்மன் எல்லா ஷிப்டிலும் இருப்பதில்லை என்பதால் எழுதிவைக்க வேண்டியிருந்தது.

1971 வரை தீர்ப்பாயங்களின் கை ஓரளவு கட்டப்பட்டிருந்தது. விசாரணை முறையாக நடந்திருந்தால், பழிவாங்கும் எண்ணம் இல்லையென்றால், தண்டனை அதிகம் என்று தோன்றினாலும் அதை அவை தொட முடியாது. அந்த ஆண்டு டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த, தொழில் தகராறுகள் சட்டத்தின் 11ஏ பிரிவு அந்தக் கட்டை அவிழ்த்தது. தண்டனையின் அளவையே மாற்றும் அதிகாரம் லேபர் கோர்ட்டுக்குக் கிடைத்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் முன் ஒரு வழக்கு. நீண்ட காலம் எந்தக் கறையும் இல்லாமல் வேலை பார்த்த ஒருவர் மேலதிகாரியிடம் தகாத வார்த்தை பேசிவிட்டார் என்று வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். ஒரு நாள் வாய் தவறியதற்கு வாழ்நாள் பிழைப்பா என்று பார்த்த நீதிமன்றம், இரண்டு இன்கிரிமென்ட்டை நிறுத்தினால் போதும் என்றது. 2005இல் அதே நீதிமன்றத்தின் முன் கிட்டத்தட்ட அதே மாதிரி வழக்கு. சூப்பர்வைசரைக் கெட்ட வார்த்தையில் திட்டிய தொழிலாளி. லேபர் கோர்ட் இரக்கம் காட்டியிருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த இரக்கத்தை ரத்து செய்து வேலைநீக்கத்தை நிலைநிறுத்தியது. இரண்டு வழக்குகளிலும் விவரங்கள் வேறுதான். ஆனாலும் நடுவில் நாட்டின் காற்று திசை மாறியிருந்ததை இந்த இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படிக்கும் யாரும் உணர முடியும்.

சட்டம் கட்டிக்கொடுத்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பது வேறு கதை. நண்பர் ஒருவருக்குத் துணையாக உள்விசாரணை ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். விசாரணை அதிகாரி ஒரு வக்கீல்; அவருக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம். பேச்சு தமிழில், எழுத்து ஆங்கிலத்தில். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்து. “சார், நான் சொன்னது இது இல்லீங்களே” என்று நண்பர் சொன்னபோது, “ஆட்சேபணை இருந்தா தனியா எழுதிக் குடுங்க, இப்ப கையெழுத்துப் போடுங்க” என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். விதிமுறை ஒன்றுகூட மீறப்படவில்லை. அந்த மதியம் முழுக்க அந்த அறையில் பேசியவர்கள் எல்லோருமே, பின்னால் வரப்போகும் வழக்குக்காக ஒரு ஃபைலைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். என் நண்பரிடம் யாரும் பேசவில்லை. வேலை போனதைவிட இதுதான் அவரை நெடுநாள் வருத்தியது.

அரசு அலுவலகங்களில் இந்த நோய்க்கு எண்ணே உண்டு. தமிழ்நாட்டில் எந்த ஆபீசுக்குப் போய் ‘17 பி’ என்று சொன்னாலும் எதிரில் இருப்பவர் முகம் மாறும். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஏ) சிறு தண்டனைக்கானது. விளக்கம் வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம். 17(பி) பெருந்தண்டனைக்கானது, முறையான விசாரணை வேண்டும். பாதுகாப்புக்காக வந்த இந்தப் பிரிவினை நடைமுறையில் தலைகீழாகிவிட்டது. 17(பி) குறிப்பாணை நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது. ஆகவே முடிவு சொல்லாமல் இழுத்தடிப்பதே தண்டனையாகிவிடுகிறது. ஜூனியர்கள் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்கள். குற்றம் நிரூபணமாகியிருக்காது, இல்லை என்றும் ஆகியிருக்காது. கடைசி வேலை நாள் மாலையில் சஸ்பென்ஷன் ஆணை கொடுத்து, ஓய்வு பெற அனுமதிக்காமல் நிறுத்திவைக்கிற வழக்கமும் இங்கே இருந்திருக்கிறது. பிரிவுபசார விழாவுக்கு மாலை வாங்கி வைத்திருக்கும்போது கையில் ஆணை. தவறு செய்தவர்களும் அப்படி மாட்டியிருப்பார்கள். ஆனால் 30 வருஷம் கையெழுத்துப் போட்ட ஒருவரின் தவறைக் கண்டுபிடிக்கக் கடைசி மாலைதான் கிடைத்தது என்றால், விசாரிக்க வேண்டியது முதலில் அந்த அலுவலகத்தை. குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராமல் சஸ்பென்ஷனை மூன்று மாதத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்ல வேண்டியிருந்ததே, நாம் எங்கே நிற்கிறோம் என்பதற்கு அளவு.

சஸ்பென்ஷன் காலத்தில் தரப்படும் பிழைப்பூதியம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வீட்டில் 1985 ஜூனில் சோதனை நடந்தது. தங்கம் கிடைத்தது என்று வழக்கு, மறுநாளே சஸ்பென்ஷன். சொந்த ஊரான கேரளத்துக்குப் போய்விட்டார். பிழைப்பூதியம் வரவில்லை. விசாரணைக்கு வந்து போகக் கையில் பணம் இல்லை. அவர் இல்லாமலே விசாரணை முடிந்து 1986 ஜூனில் வேலைநீக்கம். 1987 பிப்ரவரியில் குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பிழைப்பூதியம் தராமல் நடத்திய விசாரணை வாழும் உரிமைக்கே எதிரானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1999 மார்ச்சில். பேச வாய்ப்புக் கொடுத்தோம் என்று நிர்வாகம் சொல்லிவிடலாம். பேசுவதற்கு வர ரயில் டிக்கெட் வேண்டும், வரும்வரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். தமிழ்நாடு 1981லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டிருக்கிறது: முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். விசாரணையை இழுக்க இழுக்க நிர்வாகத்துக்குச் செலவு கூடும் என்பது இதன் சூட்சுமம். நேரத்தை ஆயுதமாக்குகிறவர்களை நேரத்தாலேயே மடக்கியிருக்கிறார்கள்.

கேட்காமல் தண்டிப்பதன் உச்சத்தைத் தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் பார்த்தோம். ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவசரச் சட்டத்தின் துணையோடு சுமார் 1.7 லட்சம் பேர் சில நாட்களில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆள் ஆளாக விசாரணை கிடையாது. ஆகஸ்ட் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை சட்டத்திலும் இல்லை, தார்மீகமாகவும் இல்லை என்று சொன்னது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெரும்பாலோர் திரும்பினார்கள். அரசு நிர்வாகம் முடங்கினால் கஷ்டப்படுவது ஏழை மக்கள் என்ற வாதத்தை நான் லேசாக ஒதுக்கவில்லை; ரேஷன் கடையும் ஆஸ்பத்திரியும் மூடிக்கிடந்தால் யாருக்கு வலிக்கும் என்று தெரியும். ஆனாலும் அத்தனை பேரிடமிருந்தும் ஒரே வாசகத்தில் வாங்கிய மன்னிப்புக்கு என்ன பொருள்? அது எந்த வகுப்பறையை, எந்த அலுவலகத்தைச் சீராக்கியது? அடுத்த பத்தாண்டு இந்த மாநிலத்தின் தாலுகா ஆபீஸ்களில் நாம் பார்த்த முகங்களில் அந்த ஜூலையின் பங்கு எவ்வளவு என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஒழுங்கு என்றாலே தொழிலாளியை முதலாளி அடக்குவது என்று எழுதிவிட்டுப் போவதும் நியாயமில்லை. பக்கத்து மெஷின்காரர் சொல்லாமல் லீவு போட்டால் அவர் வேலையும் சேர்ந்து விழுவது இன்னொரு தொழிலாளியின் தோளில்தான். பாதுகாப்பு விதியை ஒருவர் மீறினால் விரல் போவது அடுத்தவருக்கு. பட்டறை வைத்து நடத்துகிற சிறு முதலாளியின் பதற்றமும் உண்மையானது. அதைவிட முக்கியமாக, நம் பணியிடங்களில் ஒழுங்கு நடவடிக்கை எப்போதும் கீழ்நோக்கித்தான் பாய்கிறது. சூப்பர்வைசரின் வாய்க்கும் கைக்கும் மெமோ யார் கொடுப்பது?

திண்டுக்கல் மாவட்டத்தில் வெளிநாட்டு பிராண்டுகளுக்கு ஆடை தைக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண், 2021 ஜனவரியில் அவருடைய சூப்பர்வைசராலேயே கொல்லப்பட்டார். அங்கே பாலியல் தொல்லையும் கெட்ட பேச்சும் அன்றாடமாக இருந்ததைப் பெண்கள் வெளியே வந்து சொன்னார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 1997இல் விசாகா வழிகாட்டுதல்களும் 2013இல் சட்டமும் வந்திருந்த நாடு இது. பெண்களே தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆலை நிர்வாகத்தோடும் பிராண்டுகளோடும் பேசி 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. அதன் உயிர் எங்கே இருக்கிறது என்றால், தைக்கும் பெண்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் தளத்தில் இருப்பதில்தான். புகாரை எழுதத் தெரிய வேண்டியதில்லை, மேனேஜர் அறைக்கதவைத் தட்ட வேண்டியதில்லை. அடுத்த மெஷினில் இருக்கும் அக்காவிடம் சொல்லலாம். ஆலை தன் கடமையைச் செய்யத் தவறினால் பிராண்டுகள் வணிகரீதியாக நெருக்கடி தர வேண்டும் என்ற கட்டாயமும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இந்தியாவில் பணியிட ஒழுங்கு பற்றி நடந்திருக்கும் யோசனைகளில் இதை மிக முக்கியமானதாக நினைக்கிறேன். அதை எழுதவைத்தவர்கள் நிர்வாகவியல் பேராசிரியர்கள் இல்லை.

பேராசிரியர்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. கனடாவில் ஒரு ப்ளைவுட் ஆலையின் அனுபவத்தை வைத்து ஜான் ஹூபர்மன் 1964இல் எழுதிய கட்டுரை, தண்டனை இல்லாத ஒழுங்கு என்பதை முன்வைத்தது. பலமுறை பேசியும் ஒருவர் மாறவில்லை என்றால் கடைசியாக அவரை ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பு, அந்த நாளுக்குச் சம்பளமும் கொடு, இங்கே வேலை செய்ய விருப்பமா என்று அவரே யோசித்து வரட்டும் என்பது அதன் சாரம். சம்பளத்தை வெட்டினால் கோபம்தான் வளரும். வெட்டாமல் அனுப்பினால் முடிவு அவர் கைக்குப் போகிறது. இதை முதலில் கேட்ட பலரும் சிரித்திருப்பார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த ஒரு நாள் சம்பளம் இல்லை. அந்த நாள் வருவதற்கு முன் மேலாளர் அவரோடு பலமுறை உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்ற நிபந்தனைதான்.

பேசுவதற்கே இடமில்லாத பணியிடங்கள்தான் இப்போது பெருகுகின்றன. தி.நகர் ரங்கநாதன் தெருவின் ஜவுளிக்கடைப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது அங்கே எழுதாத விதி. 2010இல் வந்த ‘அங்காடித் தெரு’ படத்தைப் பார்த்துவிட்டு அதிர்ந்தோம், பிறகு அதே கடைகளில் தீபாவளிக்குத் துணி எடுத்தோம். உட்கார இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் தமிழ்நாட்டில் 2021இல்தான் வந்தது. கடை ஊழியரைக் குற்றம் சாட்டி நீக்குவதென்றால் விசாரித்து, சாட்சியம் பதிவு செய்துதான் நீக்க வேண்டும் என்று 1947இன் கடைகள் நிறுவனங்கள் சட்டம் 41ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. “நாளையிலிருந்து வர வேண்டாம்மா” என்று கல்லாவிலிருந்து சொல்லப்படும்போது அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது?

ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த ஒரு வாக்கியம்கூடக் கிடைப்பதில்லை. காலையில் பஞ்ச் மெஷினில் கார்டு வேலை செய்யாது. செக்யூரிட்டியிடம் கேட்டால் கான்ட்ராக்டரைக் கேளுங்க என்பார். கான்ட்ராக்டர் போனை எடுக்கமாட்டார். உணவு கொண்டுவந்து தரும் தம்பிக்கு ‘ஐடி பிளாக்’. வாடிக்கையாளர் கொடுத்த ஒற்றை நட்சத்திரத்துக்குப் பின்னால் லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியும் கொட்டும் மழையும் இருந்ததை யாரிடம் விளக்குவது? தூங்கிய தொழிலாளிக்காவது 21 வருஷம் வாதாட ஒரு வழி இருந்தது.

1946ஆம் ஆண்டுச் சட்டம் 100 பேர் வேலை செய்யும் இடங்களுக்கு நிலையாணைகளைக் கட்டாயமாக்கியது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணை 300 ஆக்கிவிட்டது. நூற்பாலைகள், வார்ப்படத் தொழிற்கூடங்கள், தோல் பதனிடும் இடங்கள் என்று நம் மாநிலத்தில் 300க்குள் ஆள் வைத்து நடப்பவை எத்தனை என்பது கோவையிலோ ராணிப்பேட்டையிலோ நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கெல்லாம் எது தப்பு, எதற்கு என்ன தண்டனை என்பதைச் சுவரில் எழுதி ஒட்டும் கட்டாயம் போய்விடுகிறது. மாநில அரசுகள் நினைத்தால் இதில் செய்வதற்கு இடம் உண்டு. செயலித் தொழிலாளரை நீக்குவதென்றால் காரணத்தை எழுத்தில் சொல்லி 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்று கர்நாடகம் 2025இல் சட்டம் செய்திருக்கிறது. சென்னையில் வண்டி ஓட்டும் தம்பிக்கும் அந்த 14 நாள் வேண்டும், அந்த நாட்களுக்குள் அவர் பேசினால் பதில் சொல்ல ஒரு மனிதரும் வேண்டும்.